வளர்ந்த பிள்ளையோடு ரயில் பயணம்

தோட்டங்களிலிருந்து சிங்கப்பூர் உறவினர் வீட்டுக்கு வருகிறவர்கள் தேக்காவையும் பெருமாள் கோயிலையும் பார்க்காமல் திரும்புவதில்லை. 2003இல் திறக்கப்பட்ட ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கம்தான். ஆனால் ஆட்டிசம் என்னும் மதியிறுக்கம் உள்ள முப்பது வயது மகனை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிற குடும்பங்களும் உண்டு. "கூட்டத்தில் கத்திவிடுவானே" என்ற பயந்தான் காரணம்.

டாக்டர் லியோ கேனர் 1943இல் விவரித்து எழுதிய இந்நிலை பைத்தியமல்ல. தாயின் வளர்ப்புக் குறையுமல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. வயதானாலும் மாறிவிடாது. கதவு மூடுமுன் ஒலிக்கும் மணி நமக்குச் சாதாரணம். அவர் காதில் அது இடியாக விழலாம். வேறொருவருக்கு வெளிச்சம் ஆகாது; இன்னொருவருக்குத் தோளில் யாராவது உரசினாலே ஆகாது.

எதிர்பாராததுதான் அவர்களைப் பெரிதும் கலங்கடிக்கிறது. ஆகவே எங்கே ஏறுவோம், எத்தனை நிலையம், எங்கே இறங்குவோம் என்று முதல்நாளே படம் காட்டிச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு நிலையம் போய்வந்தால் போதும்: ஃபேரர் பார்க்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை. ஞாயிறு மாலை வேண்டாம். அன்று தேக்காவில் நமக்கே மூச்சு முட்டும்! காதை மூடும் கருவி, அவருக்குப் பிடித்த பொருள் ஏதாவது ஒன்று கையோடு இருக்கட்டும். வெளியே தெரியாத உடற்குறை உள்ளவர்கள் இருக்கை கேட்பதற்கென ஒரு கழுத்து அட்டையும் சிங்கப்பூரில் 2021இல் அறிமுகமானது.

கலங்கிவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். ஓரிரு சொல் பேசி, சுற்றியிருப்போரைச் சற்று விலகச் சொல்லுங்கள். அவர் குழந்தையல்லர், எது வசதி என்று அவரையே கேட்கலாம். வாய்ப்பேச்சு இல்லாதவரானால் படத்தைக் காட்டிக் கேட்கலாம்.

காரில் வந்தால் பின்னிருக்கையும், உள்ளிருந்து திறக்க முடியாத கதவுப் பூட்டும் நல்லது. வார் கழுத்தில் உறுத்தினால் மெல்லிய துணியைச் சுற்றுங்கள், வாரைத் தளர்த்தாதீர்கள். அவர் கலங்கினால் ஓட்டுநர் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தட்டும்.

இன்னொன்று. ஃபேரர் பார்க் நடைமேடையில் தடுப்புக் கதவுகள் இருப்பதால் தண்டவாளத்தில் விழும் ஆபத்து இல்லை. ஆனால் அவர் உள்ளே, நீங்கள் வெளியே என்றிருக்கையில் கதவு மூடிக்கொள்ளலாம். அந்த ரயில் ஓட்டுநரின்றி ஓடுவது. கூப்பிட்டு நிறுத்த ஆளில்லை. "பிரிந்துவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நில்" என்று வீட்டிலேயே பழக்குங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வையுங்கள். பிரிந்த கணமே நிலைய ஊழியரிடம் சட்டையின் நிறத்தைச் சொல்லுங்கள். அடுத்த நிலையத்துக்கு அவர் செய்தி சொல்லிவிடுவார்.