உரசல் சொல்லும் உண்மை

பழைய அம்பாசடரின் அடியில் சத்தமா? குற்றவாளி பெரும்பாலும் ஷாஃப்ட் அல்ல, அதன் அக்கம்பக்கம்தான்.

உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. மிஞ்சிய கார்களைக் கட்டிக் காப்பவர்களைக் கலங்கடிக்கும் கோளாறுகளில் ஒன்று, ஓட்டத்தில் காலடியில் எழும் 'சர் சர்' உரசல்.

இன்ஜின் இருப்பது முன்னால். சுழல்வது பின் சக்கரம். இடையே சக்தியைக் கொண்டுபோவது புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீண்ட இரும்புக் குழாய். கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் நைந்து இறங்கினாலோ, சைலன்சர் குழாயின் பிடி தளர்ந்தாலோ உராய்வு தொடங்கிவிடும்.

ஓடும் காரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகும் சத்தம் நீடித்து, வேகம் குறையக் குறையத் தணிந்தால் ஷாஃப்ட் மீதோ சக்கரங்கள் மீதோ சந்தேகப்படலாம். அடுத்து, காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். பளபளக்கும் தடம் முழு வளையமாக இருந்தால் வெளியிலிருந்து ஏதோ உரசுகிறது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஷாஃப்டே வளைந்திருக்கலாம். வண்டி புறப்படும்போது 'டக்' என்று கேட்டால் யுனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்திருக்கக்கூடும்.

இடைவெளிக்காகத் தரைத் தகட்டைச் சுத்தியலால் தட்டினால் சத்தம் அடங்கும். நைந்த ரப்பர் அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது ரப்பரைத்தான். ஷாஃப்டைக் கழற்ற நேர்ந்தால் முதலில் ஃபிளாஞ்சில் கோடு போட்டுக்கொண்டு, பழையபடியே பொருத்த வேண்டும். இடம் மாறினால் அதிர்வு வரும்.

தேய்ந்த ஜாயிண்டை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. ஓட்டத்தில் முன் ஜாயிண்ட் உடைந்தால், ஷாஃப்ட் சாலையில் குத்திக் காரையே கவிழ்க்கக்கூடும்.