முதல் ரிமோட் விமானம் வாங்கப் போறீங்களா? ஜெட் வேண்டாம்

பாகான் டாலாமில் வளரும் பிள்ளைகளுக்குப் போர் விமானம் புதிதல்ல. அரச மலேசிய விமானப்படையின் ஹார்னெட் விமானங்கள் பக்கத்திலேயே, பட்டர்வொர்த் தளத்தில்தான் உள்ளன. அதனால் ரிமோட் விமானம் என்றாலே பிள்ளைகள் கேட்பது ஜெட் மாதிரியைத்தான்.

ஆனால், சின்ன இறக்கை கொண்ட ஜெட் மாதிரி வேகமாகப் பறந்தால்தான் மேலே நிற்கும். வேகம் குறைந்தால் சட்டென விழுந்துவிடும். விமானப்படை விமானிகளே முதலில் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானத்தில்தான் பழகுகிறார்கள்.

சரி, எதை வாங்கலாம்?

இறக்கை: உடலுக்கு மேலே இருக்க வேண்டும், நுனிகள் சற்று உயர்ந்திருந்தால், சாய்ந்தாலும் தானாக நிமிரும்.

உடல்: ஃபோம் நல்லது. உடைந்தால் பசை போட்டு ஒட்டிடலாம்.

சேனல்: மோட்டார் வேகம், ஏற்ற இறக்கம், திருப்பம் என மூன்று போதும்.

கைரோ: காற்று தள்ளும்போது விமானத்தைச் சமன்செய்யும்.

பெட்டிக்குள் ரிமோட், பேட்டரி, சார்ஜர் மூன்றும் இருக்கிறதா எனக் கடையிலேயே பாருங்கள். லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதீங்க.

வாங்கியதும் பக்கத்துத் திடலுக்கு ஓட வேண்டாம். 2016 பொது வான் போக்குவரத்து விதிமுறைகளின்படி, விமானத் தளத்தைச் சுற்றியுள்ள வான்பகுதியிலோ 400 அடிக்கு மேலோ அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. எங்கே பறக்கவிடலாம் என்பதை மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம்.-இடம் முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு, கடல் காற்று பலமாக வீசாத காலை நேரத்தில், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.