நரம்பு எங்கேயும் புரளவில்லை, சார்

‘நரம்பு புரண்டிருக்கு சார்’, ‘வாயு அடைச்சிருக்கு’, ‘தோள்ல கட்டி கட்டியா இருக்கு பாருங்க’. மயிலாப்பூரின் சின்ன சலூன் தொடங்கி அடையாறின் ஏசி ஸ்பா வரை, முதுகில் கை வைத்ததும் காதில் விழும் விளக்கங்கள் இவை. ஸ்பாவில் கொஞ்சம் நாகரிகமாக, ‘டாக்ஸின் எல்லாம் வெளியேறும் மேடம்’ என்பார்கள். பிடித்துவிட்டால் வலி குறைகிறது, அதில் பலருக்கும் சந்தேகமில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் பரிசோதனைக்கூடத்தில் ஒவ்வொன்றாக விழுந்துவருகின்றன.

லாக்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். களைத்த தசையில் தேங்கும் இதை மசாஜ் பிழிந்து வெளியேற்றிவிடும் என்பது விளையாட்டு மைதானங்களின் பழைய நம்பிக்கை. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடந்தது தலைகீழ்: கை அழுத்தத்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அமிலம் வெளியேறுவது தாமதமானது. எப்படியும் அது ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். மறுநாள் காலையில் படி இறங்கும்போது வரும் வலிக்கு அது காரணமே இல்லை.

அதே கனடாவில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2012இல் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். 11 இளைஞர்களை ஓய்ந்துபோகும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலிருந்தும் ஊசியால் துளித் தசையை எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் பெற்ற காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் தணிந்திருந்தன. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் உருவாகத் துணைபோகும் சமிக்ஞை கூடியிருந்தது. லாக்டிக் அமிலத்தில் வித்தியாசம் ஏதுமில்லை. 11 பேரை வைத்துத் தீர்ப்பெழுத முடியாதுதான். ஆனாலும் கையின் அழுத்தத்தைத் தசை செல் உணர்ந்து பதில் தருகிறது என்பதற்கு இது நேரடிச் சாட்சி.

‘கட்டியை உடைக்கிறேன்’ என்று முழங்கையை ஊன்றுபவர்கள் விஷயம் வேறு. தொடையின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் இருக்கும் தடித்த தசையுறையை ஒரு சதவீதம் நசுக்கக்கூட, சாதாரணமாக உடம்பில் செலுத்தக்கூடிய அளவைத் தாண்டிய விசை வேண்டும் என்று 2008இல் வெளியான ஒரு கணித மாதிரி காட்டியது. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததுதான் மிச்சம்.

சுகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நரம்பு மண்டலத்திலிருந்து. மேசைக் காலில் இடித்துக்கொண்ட முழங்காலை யாரும் சொல்லித்தராமலே தேய்க்கிறோம். தொடுகைச் செய்தியைச் சுமந்து வரும் தடித்த, வேகமான நரம்பிழைகள், வலிச் செய்தி மூளைக்கு ஏறும் வழியை முதுகுத்தண்டிலேயே குறுக்கிவிடுகின்றன என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்த கோட்பாடு, பிற்பாடு பல திருத்தங்களைக் கண்டாலும் அடிப்படையில் இன்றும் நிற்கிறது. ரோமமுள்ள தோலில் இன்னொரு வகை மெல்லிய இழையும் இருக்கிறது. மெதுவாகச் செய்தி அனுப்பும் இது, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் அதிகமாகத் துடிக்கிறது; அதே வேகத்தைத்தான் மனிதர்களும் ‘இதமாக இருக்கிறது’ என்கிறார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் பாட்டியின் கை முதுகில் இறங்கும் வேகம் ஏறத்தாழ இதுதான். பேன் பார்த்த கோபத்தில் தலையை அரக்கித் தேய்த்த வேகம் இதில் சேராது.

நரம்புதான் காரணம் என்றால், மசாஜ் எந்த வகை என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கக் கூடாது. சியாட்டிலில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 401 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு பிரிவினருக்கு வலியுள்ள திசுக்களைக் குறிவைத்த மசாஜ், இன்னொரு பிரிவினருக்கு வெறும் தளர்வு மசாஜ், வாரம் ஒருமுறை 10 வாரம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இரு பிரிவினரும் தேறினார்கள். இருவருக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசமில்லை. ஒரு வருடத்தில் அந்த அனுகூலமும் கரைந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளை அலசி 2015இல் வெளியிட்ட தொகுப்பு இன்னும் கறார்: குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், ஆனால் ஆதாரங்களின் தரம் மிகக் குறைவு.

ஆகவே தி.நகர் போர்டுகளில் இருக்கும் ஸ்வீடிஷ், தாய், பாலினீஸ் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம் சித்த மருத்துவமே தொக்கணம் என்ற பெயரில் ஒன்பது வகை சொல்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். மயிலாப்பூருக்கு இந்த வைத்தியங்களோடு நூறாண்டு தாண்டிய உறவு உண்டு, வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையைத் தொடங்கியது இங்கேதான். 1944இல் பிறந்த, இந்திய மருத்துவர்களின் கூட்டுறவு மருந்தகமான இம்காப்ஸின் தைலப் புட்டி இல்லாத பழைய மயிலாப்பூர் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதல்முறை போகிறவர்களுக்கு: ஆயுர்வேத மையமென்றால் முதலில் மருத்துவர் பார்ப்பார். ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய அறுவைசிகிச்சை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் கேட்பார். கேட்காமல் நேரே எண்ணெயைச் சுடவைக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது உத்தமம். என் அளவுகோல் இது ஒன்றுதான். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதே வழக்கம். மரப்பலகையில் படுக்கவைத்து, பல மையங்களில் இரண்டு பேர் இரு பக்கமும் ஒரே தாளத்தில் தேய்ப்பார்கள். பிறகு தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும் நீராவிப் பெட்டி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. எழும்போது நிதானமாக எழுந்திருங்கள், தலை கிறுகிறுக்கும். மறுநாள் லேசான வலி இருந்தால் இயல்பு. அழுத்தம் தாங்கவில்லை என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும். பொறுத்துக்கொள்வதால் பலன் கூடாது. பிசியோதெரபி மையத்தில் காட்சியே வேறு: மசாஜ் கொஞ்சம், உடற்பயிற்சி நிறைய. நாள்பட்ட முதுகுவலிக்கு நான் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் யாரையும் தொடவிடக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால், அழுத்தத்தில் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு தேய்ந்த முதியவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம்.

எனக்கு உண்மையில் பயம் சலூனின் கடைசி அரை நிமிடத்தைப் பற்றித்தான். முடி வெட்டி, தலையில் தட்டி, தாடையைப் பிடித்துச் சட்டென்று ஒரு திருப்பு, ‘டக்’கென்று சொடக்கு. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் தமனியின் உள்சுவர் இப்படித் திருப்பும்போது அபூர்வமாகக் கிழியலாம். அங்கே உறையும் ரத்தம் பக்கவாதத்தில் கொண்டுவிடும். அழகு நிலையத்தில் கழுவு தொட்டியில் கழுத்தைப் பின்னால் சாய்த்த ஐந்து பெண்களுக்கு இத்தகைய பாதிப்பு வந்ததை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப் 1993இல் பதிவு செய்தார். சொடக்கு எடுத்த அன்றோ, சில நாள் கழித்தோ புதிதாகக் கழுத்தில் கடும் வலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சில் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் என்று எது வந்தாலும் தைலத்தைத் தேடாமல் 108க்கு போன் செய்யுங்கள்; சொடக்கு எடுத்ததையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.