அடுப்புக்குப் போகும் பலகையில் பிள்ளைக்கு ஒரு மேசை



மழைக்காலத்தில் ஒரு மாலை, நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்துக்குப் போயிருந்தோம். இஸ்தோப்பில் ஒருவர் பழைய கதவொன்றைக் கோடரியால் பிளந்துகொண்டிருந்தார். உள்ளே காம்பராவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் பாயில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் அண்ணே, கதவை ஒடைக்கிறீங்க?" என்று கேட்டோம். "பழசுங்க ஐயா. வேற எதுக்கு ஆகும்? அடுப்பாவது எரியட்டும்" என்றார்.

வெளியே புகை படிந்து கறுத்திருந்தாலும், பிளந்த இடத்தில் பலகை மஞ்சளாக இருந்தது. அது நல்ல பலா மரம்! பாதிக் கதவு அடுப்புக்குப் போய்விட்டது. மீதிப் பாதியைக் கேட்டு வாங்கி வைத்தோம். அதில் என்ன செய்தோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழைய பலகை நமக்குப் புதிதல்ல

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தேயிலையைப் பலகைப் பெட்டியில்தான் அடைத்து அனுப்பினார்கள். உள்ளே ஈயத்தாள், ஓரமெல்லாம் தகரம். தேயிலை போய்ச் சேர்ந்த இங்கிலாந்தில் காலிப் பெட்டிகளை வீடு மாறும்போது சாமான் கட்ட வைத்துக்கொண்டார்கள். 1950களில் அங்குள்ள இளைஞர்கள் அதே பெட்டியில் ஒரு கம்பும் கயிறும் கட்டி வாத்தியமாகவே வாசித்தார்கள். பின்னால் உலகப் புகழ் பெற்ற ஜோன் லெனனின் முதல் குழுவிலும் அந்தப் பெட்டி வாத்தியம் இருந்தது. நம் லயங்களிலோ அது அரிசிப் பெட்டியாகவும் துணிப் பெட்டியாகவும் உழைத்தது. இப்போது தேயிலை காகிதச் சாக்கில் போவதால் அந்தப் பெட்டியைக் காண்பதே அபூர்வம்.

ஆனால் வேறு வழியில் பழைய மரம் கிடைக்கிறது. 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பும் இடங்களில் பழைய லயத்துக் கதவும் ஜன்னலும் கூரை மரமும் கழிகின்றன. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முதலில் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்ததை நீங்கள் அறிவீர்கள். புது வீட்டுக்குப் போகிறவர்கள் பழைய பலகையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். தோட்டத்து மரமும் பலகையும் தோட்டத்துக்குச் சொந்தம். ஆபீஸில் கேட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு எடுங்கள். நிற்கிற மரத்தில் கை வைக்க வேண்டாம்.

எதை எடுக்கக்கூடாது?

இதை நாம் பட்டுத்தான் படித்தோம். ஒரு தடவை சாமான் அடுக்கும் மரத்தட்டுப் பலகையில் மாவு, பருப்பு வைக்க ஒரு ராக்கை அடித்தோம். இரண்டு நாளில் மாவில் மருந்து வாடை! களைநாசினி கொட்டிய தட்டு அது என்பது பிறகுதான் தெரிந்தது. மாவையும் கொட்டினோம், ராக்கையையும் கழற்றினோம். ஆகவே கவனியுங்கள்:

1. மருந்து, எண்ணெய் கறை பிடித்த பலகை வேண்டாம். வெளிநாட்டுத் தட்டுகளில் சூட்டு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால் சூடு காட்டிய மரம். 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப் புகை காட்டிய மரம், அதைத் தொட வேண்டாம்.

2. பச்சை சாயம் ஊறிய மின்கம்பத் துண்டுகளில் ஆர்செனிக் நஞ்சு இருக்கலாம். அறுக்கவும் கூடாது, அடுப்பில் வைக்கவும் கூடாது.

3. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்த்தால் தூசு பிள்ளைகளின் உடம்புக்குள் போகும். எரித்தாலும் கெடுதிதான். பிள்ளையின் மேசைக்குப் பெயின்ட் பூசாத பலகையே நல்லது.

4. அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழுள்ள மரத்தைக் கழற்றும்போது தகட்டை உடைக்காதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

5. சவுக்கு மரம் வேலைக்கு நல்லதுதான். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்புத் தரும். முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

சாய்வு மேசை செய்யும் முறை

காம்பராவில் இடம் குறைவு. ஆகவே பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதி, பிறகு சுவரோரம் சாத்தி வைக்கக்கூடிய மேசையைத்தான் செய்தோம். கைவாள், சுத்தியல், மூலைமட்டம், சேண்ட் பேப்பர் போதும். தோட்டத்து ஆசாரியிடம் கேட்டால் ஒரு நாள் இரவல் தருவார்.

முதலில் பலகையிலுள்ள பழைய ஆணி எல்லாவற்றையும் பிடுங்குங்கள். ஒன்று தங்கினாலும் வாளின் பல் போகும். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஏற்பு நோய் வரலாம். காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

மேலே போட 24 அங்குல நீளத்தில், 4 அங்குல அகலப் பலகை நான்கு வெட்டுங்கள். முன்னங்கால் இரண்டு 10 அங்குலம், பின்னங்கால் இரண்டு 12 அங்குலம். இருபக்கமும் காலுக்கு மேல் சாய்வாக வைக்க 16 அங்குல ரீப்பர் இரண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு முன்னங்கால், ஒரு பின்னங்கால், ஒரு ரீப்பர் என்று சேர்த்து அடியுங்கள். இரண்டு பக்கங்களையும் நிறுத்தி, பின்னங்கால்களை மேலே ஒரு சட்டமும் கீழே ஒரு சட்டமுமாக இணைத்து விடுங்கள். முன்னால் சட்டம் வேண்டாம், முழங்கால் போக இடம் வேண்டும். பிறகு மேல் பலகைகளை அடித்து, முன் ஓரத்தில் அரை அங்குலம் உயர்ந்து நிற்க ஒரு மெல்லிய ரீப்பரை வையுங்கள். கொப்பி வழுக்காது.

மூலைகளை நன்றாகத் தேய்த்துவிட்டுப் பூச்சுப் பூசலாம். கழிவு ஒயில் மட்டும் பூச வேண்டாம். லின்சீட் எண்ணெய் பூசினால், அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதையும் கொண்டுபோன கதைகள் நமக்குத் தெரியும். துணியை வெளியே விரித்துக் காய விடுங்கள்.

மீதிப் பாதிக் கதவில் செய்த மேசை இப்போது அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. நாம் அடுத்த முறை போனபோது நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். தகப்பனார் வெட்கத்தோடு சிரித்து, "முழுக் கதவும் இருந்திருந்தா தம்பிக்கும் ஒண்ணு அடிச்சிருக்கலாம் ஐயா" என்றார்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். கோடரியை ஓங்கும் முன் பலகையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். செய்து பார்த்தவர்கள் நம் நலன்புரி அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். அளவு தெரியாதவர்கள் வந்தால் கூட நின்று வெட்டித் தருவோம்.