கொல்லிமலை: காத்த வழக்கும் காக்கவைத்த வழக்கும்

அரசின் செயல் சட்டத்தை மீறினால் அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு உயர் நீதிமன்றங்களுக்குத் தந்துள்ளது. பாதிக்கப்பட்டவரே நீதிமன்றப் படியேற வேண்டும் என்ற விதி 1980-களில் தளர்ந்தது. பொதுநல வழக்கு வலுப்பெற்றது.

எடப்புளி நாடு, வளவந்தி நாடு என ஊராட்சிகளே நாடுகளாக வழங்கும் கொல்லிமலைக்கு இந்த வழி மிகவும் தேவை. இங்கே பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். ஆனாலும் தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் கீழ்ப் பழங்குடிப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது.

மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்காகக் கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பாக்சைட் வெட்டப்பட்டது. மழைநீரை உறிஞ்சி வைத்து ஊற்றுகளுக்கு விடுவது மலையுச்சியில் இருக்கும் அந்த மண்தான். அதை அள்ளினால் கீழே உள்ள வயலும் காயும். உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2008-இல் சுரங்கப் பணி நின்றது.

அதே ஆண்டில் அதே நீதிமன்றத்தின் இன்னோர் ஆணை மலைமக்களைத் தவிக்க விட்டது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். விண்ணப்பங்களை ஆராயலாம், உரிமைச் சான்று கொடுக்குமுன் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்று 2008 ஏப்ரலில் இடைக்கால ஆணை வந்தது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கியது. காட்டைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் அதன் சுமையைத் தமிழகம் முழுவதும் மலைக்குடிகள் எட்டு ஆண்டுகள் சுமந்தது நியாயமல்ல.

ஒடிசாவின் நியாம்கிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைவிடச் சிறந்த வழியைக் கண்டது. அங்கே பாக்சைட்டைக் கேட்டது, மால்கோவையும் கையில் வைத்திருந்த வேதாந்தா குழுமம். மலையை வழிபடும் மக்களின் உரிமையைக் கிராம சபைகளே ஆராயட்டும் என்று 2013 ஏப்ரல் 18-இல் தீர்ப்பு வந்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன.

அந்தத் தீர்ப்பு வலுவாக ஊன்றி நின்றது வன உரிமைச் சட்டத்தின் மீது. ஐந்தாம் அட்டவணைக்கு வெளியே ஊராட்சிச் சட்டப்படியான கிராமத்தையும் அச்சட்டம் ஏற்கிறது. காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கும் அதிகாரத்தை அதன் 5-ஆவது பிரிவு எடப்புளி நாட்டுக் கிராம சபைக்கும் தருகிறது.