நல்ல லெட்டரைத் தின்னும் குப்பைத்தொட்டி!

உங்கள் ஃப்ளாட் வாசலில் ஒரு வாட்ச்மேன். ஊரிலிருந்து மஞ்சள் பையில் முருங்கைக்காயோடு வந்து இறங்குகிற உங்கள் மாமனாரை, "யாருய்யா நீ? எந்த வீடு? போ, போ!" என்று விரட்டிவிடுகிறார். பின்னாலேயே டை கட்டிக்கொண்டு வருகிற டுபாக்கூர் ஆசாமிக்கோ சல்யூட் அடித்து லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார். என்ன செய்வீர்கள்? அசோஸியேஷன் மீட்டிங்கில் கத்துவீர்கள். மறுநாள் வேறு வாட்ச்மேன்!

இதே காரியத்தை உங்கள் இ-மெயில் வாசலில் ஒருத்தர் ஓசைப்படாமல் செய்துகொண்டிருக்கிறார். பெயர்: ஸ்பாம் ஃபில்டர். குப்பை மெயிலைத் தடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். தடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால், நல்லவர்களையும் சேர்த்துப் பிடித்துத் தள்ளுகிறாரே, அதுதான் வயிற்றெரிச்சல். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், யாரைத் தள்ளினார் என்று உங்களிடமும் வந்து சொல்வதில்லை, தள்ளப்பட்டவரிடமும் சொல்வதில்லை.

வேலைக்கு மனுப் போட்ட ஒரு பையனுக்கு 'திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ' என்று மெயில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது, 'வட்டியில்லாமல் பத்து லட்சம் கடன்', 'லாட்டரியில் உங்களுக்கு ஐந்து கோடி' என்று வந்த குப்பைகளுக்கு நடுவில் போய் விழுந்துவிடுகிறது. "கூப்பிடவே இல்லியே" என்று பையன் நொந்துபோகிறான். "அக்கறை இல்லாத பையன்" என்று கம்பெனிக்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுகிறார். ஜிமெயிலில் 30 நாள் ஆனால் ஸ்பாம் பெட்டியில் இருப்பது தானாகவே அழிந்துவிடும். நடந்ததற்கு சாட்சிகூட மிஞ்சாது!

தபாலில் இந்தக் கொடுமை இல்லை. ஆள் கிடைக்காவிட்டால், காரணத்தை மேலே எழுதி, அனுப்பியவருக்கே கடிதத்தைத் திருப்பிவிடுவார்கள். அனுப்பியவர் விலாசமும் இல்லையா? அதற்கென்றே ஒரு ஆபீஸ் உண்டு. பிரித்துப் பார்த்து, உள்ளே ஏதாவது துப்புக் கிடைக்கிறதா என்று தேடுவார்கள். 'டெட் லெட்டர் ஆபீஸ்' என்பது அதன் பழைய பெயர். செத்துப்போன கடிதத்துக்குக்கூட ஒரு மரியாதை இருந்தது ஸார்!

டின்னில் அடைத்த மாமிசம்

வாட்ச்மேனுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதையும் கேட்டுவிடுவோம்.

1978 மே 3. இன்டர்நெட்டின் பாட்டியான ஆர்பாநெட்டில், கேரி தர்க் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி விற்பனையாளர், 'எங்கள் புது கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள்' என்று சுமார் 400 பேருக்கு ஒரே அடியாக மெயில் அனுப்பினார். முதல் குப்பை மெயில் என்று சொல்லப்படுவது இதுதான். 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த வக்கீல் தம்பதி ஒன்று, 'அமெரிக்க கிரீன் கார்டு வாங்கித் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் விளம்பரத்தைக் கொட்டியது. அன்றைக்குத் திறந்த குழாயை இன்னும் யாராலும் மூட முடியவில்லை.

'ஸ்பாம்' என்பது 1937-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டின் பன்றி இறைச்சியின் பெயர். 1970-ல் பிரிட்டிஷ் டி.வி.யில் 'மான்டி பைத்தான்' கோஷ்டி ஒரு காமெடி போட்டது. ஹோட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும்! வேண்டாம் வேண்டாம் என்றாலும் தட்டில் வந்து விழுகிற சமாசாரம் என்பதால், வேண்டாத மெயிலுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஜிமெயில் மட்டும் நாளொன்றுக்கு சுமார் 1,500 கோடி வேண்டாத மெயில்களைத் தடுக்கிறது என்கிறது கூகுள். ஃபில்டர் மட்டும் இல்லாவிட்டால் உங்கள் மெயில் பெட்டியைத் திறக்கவே கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். ஆக, வாட்ச்மேன் தேவை. அவர் எப்படி ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறார் என்பதில்தான் வில்லங்கம்.

ஊர்ப்பெயர் செய்த பாவம்

ஆரம்ப கால வாட்ச்மேன்கள் வெறும் வார்த்தையைப் பார்த்து ஆளை மடக்கினார்கள். இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஒரு ஊர். இரும்பு உருக்கிப் பிழைத்த ஊர். அதன் ஆங்கில ஸ்பெல்லிங்குக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது. (எது என்று கேட்காதீர்கள். இது குடும்பப் பத்திரிகை!) 1996-ல் அந்த ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். இன்டர்நெட் சேவையில் சேரப் போனபோது, 'ஆபாசம்! அனுமதி இல்லை!' என்று கம்ப்யூட்டர் அவர்களை விரட்டிவிட்டது. ஒரு எழுத்தை மாற்றி 'ஸ்கான்தார்ப்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட யோசனை. கம்ப்யூட்டருக்காக ஊர் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமாம்! இந்த வகைக் குளறுபடிக்கு இன்றைக்கும் 'ஸ்கன்தார்ப் பிரச்னை' என்றுதான் பெயர்.

இன்னொரு கூத்து. 'சியாலிஸ்' என்று ஆண்களுக்கான ஒரு மாத்திரை. குப்பை மெயில்காரர்களின் செல்லப் பிள்ளை. அந்தப் பெயரைத் தடுத்தார்கள். சரி. ஆனால், 'ஸ்பெஷலிஸ்ட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் அந்த மாத்திரை ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்! 'சோஷலிஸ்ட்' என்பதிலும் அதேதான். வேலைக்கு மனுப் போடுகிறவர் தன்னை 'ஸ்பெஷலிஸ்ட்' என்று சொல்லிக்கொண்டால், அரைகுறை ஃபில்டருக்கு அவர் மாத்திரை வியாபாரி.

அஞ்சு மார்க் வாங்கினால் ஃபெயில்

அடுத்து வந்தது மார்க் போடும் முறை. 2001-ல் வெளிவந்த 'ஸ்பாம் அசாசின்' என்ற இலவச ஃபில்டர் இதில் பிரபலம். நம் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நேர் எதிர் இது. தலைப்பு முழுக்க கேபிடல் எழுத்தா? போடு மார்க். சந்தேகப்படுகிற மாதிரி தேதியா? இன்னும் கொஞ்சம் போடு. சாதாரணமாக மொத்தம் 5 தொட்டால் குப்பை! 'எங்களுக்கு ஆங்கிலம் மட்டும் போதும்' என்று நிர்வாகி ஒரு வரி எழுதி வைத்துவிட்டால், பாட்டி பேரனுக்கு அழகாகத் தமிழில் எழுதும் மெயிலுக்கும் மார்க் விழும்.

அந்த ஃபில்டரில் ஒரு விதி. குப்பை மெயில்காரர்கள் தங்கள் மெயில் எப்போதும் மேலேயே நிற்கட்டும் என்று எதிர்கால தேதியைப் போட்டு அனுப்புவார்கள். அதைப் பிடிக்க, '2010-ம் வருஷமோ அதற்கு மேலோ இருந்தால் மூன்று மார்க்குக்கு மேல் போடு' என்று எழுதி வைத்தார்கள். எழுதியபோது 2010 ரொம்பத் தூரத்தில் இருந்தது. அப்புறம் நிஜமாகவே 2010 ஜனவரி 1 வந்தது! 'ஹேப்பி நியூ இயர்' என்று அனுப்பிய அப்பாவிகளுக்கெல்லாம் எடுத்த எடுப்பிலேயே மூன்று மார்க். விதியைத் திருத்தி ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். ஆனால், பயன்படுத்துகிறவர்களுக்கு அனுப்பி வைக்கவில்லை. அரசாங்க ஃபைல் மாதிரியே!

இதற்கு நடுவில் 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற புரோகிராமர், பிரபலமான ஒரு கட்டுரை எழுதினார். எந்த வார்த்தை குப்பையில் அதிகம் வருகிறது, எது நல்ல மெயிலில் அதிகம் வருகிறது என்று உங்கள் மெயில்களையே எண்ணிப் பார்த்துக் கணக்குப் போடும் முறை. கணக்குக்கு அடிப்படை தாமஸ் பேய்ஸ் என்ற 18-ம் நூற்றாண்டுப் பாதிரியாரின் சூத்திரம். கிரஹாமின் முறையில் ஒரு அழகு உண்டு. நல்ல மெயிலில் வந்த வார்த்தைகளின் எண்ணிக்கையை அவர் இரண்டால் பெருக்கிக்கொண்டார். ஏன்? நாலு குப்பை உள்ளே வந்தாலும் பரவாயில்லை, ஒரு நல்ல மெயில்கூட வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. குற்றவாளி தப்பினாலும் நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்று கோர்ட்டில் சொல்வார்களே, அதே தர்மம்!

தெருவுக்கே தண்டனை

அனுப்புகிறவரின் இன்டர்நெட் முகவரியை வைத்துத் தடுப்பது இன்னொரு முறை. பழைய ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். உலக ஜனத்தொகைக்குப் போதாது. அதனால் செல்போன் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே கதவிலக்கம் மாதிரி. மாடியில் இருக்கிற ஒருத்தன் தில்லுமுல்லு செய்தால், கீழ் போர்ஷனில் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறவரையும் சேர்த்துத்தான் போலீஸ் பிடிக்கும்!

இதன் உச்சகட்டம் அமெரிக்காவில் நடந்தது. 2004 டிசம்பரிலிருந்து வெரிஸான் கம்பெனி, குப்பையைத் தடுக்கிறேன் பேர்வழி என்று ஐரோப்பாவிலிருந்து வந்த ஏராளமான மெயில்களைத் தடுத்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு கண்டமே சந்தேகக் கேஸ்! வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் நஷ்டஈடு தருவதாகச் சொல்லி கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

'நான் ரோபோ இல்லீங்க!'

முகவரி சந்தேகம் என்றால் வெப்சைட்டுகள் உங்களை நிறுத்திப் பரீட்சை வைக்கும். கோணல்மாணலான எழுத்துகள், அல்லது 'டிராஃபிக் சிக்னல் இருக்கிற படத்தையெல்லாம் தொடு'. சிக்னல் கம்பம் சிக்னலில் சேர்த்தியா, இல்லையா என்று யோசிப்பதற்குள் டைம் போய்விடும். 'ஃபயர் ஹைட்ரன்ட் எங்கே?' என்பான். நாம் கண்டது தெருக்குழாயும் குடமும்தானே?

'கேப்சா' என்ற இந்தப் பரீட்சையை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்துப் பிரபலமாக்கினார்கள். மனிதனையும் மெஷினையும் பிரித்துக் காட்டும் என்பது ஏற்பாடு. 2023-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் பிரிவு இதை ஆராய்ந்து பார்த்தது. மனிதர்களைவிட ரோபோ புரோகிராம்கள்தான் வேகமாகவும் சரியாகவும் பதில் சொல்கின்றன என்று தெரியவந்தது. ஆக, தடுமாறுகிறவர்தான் மனிதர்! கண் தெரியாதவர்களும் வயசானவர்களும் படுகிற பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓ.டி.பி. வராத திங்கட்கிழமை

'மெயில்தானே, எனக்கென்ன?' என்று யாரும் இருக்க முடியாது. 2021 மார்ச் 8, திங்கட்கிழமை. விளம்பர, மோசடி எஸ்.எம்.எஸ்.களை ஒழிக்க டிராய் 2018-ல் போட்ட விதிப்படி, கம்பெனிகள் தங்கள் பெயரையும் அனுப்பப்போகும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவான வாசகத்தோடு ஒத்துப்போகாத எஸ்.எம்.எஸ். தடுக்கப்படும். அதை அன்றைக்கு அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பல கம்பெனிகள் சரியாகப் பதிவு செய்திருக்கவில்லை. விளைவு? நாடு முழுக்க பேங்க் ஓ.டி.பி.கள் வரவில்லை. பணம் கட்ட முடியவில்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பெயர் பதியவும் ஓ.டி.பி. வேண்டும்! மறுநாளே டிராய் விதியை ஏழு நாள் நிறுத்தி வைத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. தடுக்கப்பட்டது கோடிக்கணக்கானவர்களின் எஸ்.எம்.எஸ். என்பதால் ஒரே நாளில் கூச்சல் கிளம்பியது, தீர்வும் கிடைத்தது. ஒரே ஒரு ஆளுடைய மெயில் தடுக்கப்பட்டால் யார் கூச்சல் போடுவது?

2024 செப்டம்பரில் ஏர்டெல், வருகிற போன் கால் ஸ்பாமாக இருக்கலாம் என்று எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. எத்தனை கால், எவ்வளவு நேரம் பேசினார் என்பதையெல்லாம் பார்த்து முடிவு செய்கிறது. நல்ல யோசனைதான். ஆனால், நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்கு அரை நிமிஷக் கால் போடுகிறவர் கடன் விற்கும் ஏஜென்ட் மட்டும்தானா? பார்சல் கொண்டுவருகிற பையனும்தானே!

கணக்கைப் பாருங்கள்

பத்தாயிரம் நல்ல மெயிலுக்கு ஒன்றுதான் தப்பாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரமாதமான ஃபில்டர்! ஆனால், நூறு கோடி நல்ல மெயிலுக்கு அது ஒரு லட்சம். அந்த லட்சத்தில் யார் இருப்பார்கள்? பெரிய கம்பெனிகளுக்கு முகவரியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தனி ஆட்கள் உண்டு. மாட்டிக்கொள்கிறவர் சொந்தமாகச் சின்னக் கடை நடத்துகிறவர், புதிதாக அக்கவுன்ட் திறந்தவர், வேறு மொழியில் எழுதுகிறவர்.

குப்பை ஒன்று உள்ளே வந்தால் நாம் திட்டுகிறோம். நல்லது ஒன்று தொலைந்தால் நமக்குத் தெரிவதே இல்லை. திட்டு விழுகிற பக்கத்தில்தானே வாட்ச்மேன் கவனமாக இருப்பார்? அதனால்தான் கெடுபிடி கூடிக்கொண்டே போகிறது. தடுக்கட்டும். ஆனால், தடுத்தால் அனுப்பியவருக்குக் காரணம் சொல்லட்டும். 'நான் நல்லவன்' என்று முறையிட ஒரு நம்பர் தரட்டும். மறுமுனையில் மனுஷன் இருக்கட்டும். கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது:

* வாரம் ஒரு முறையாவது ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். 30 நாள் கெடுவை மறக்காதீர்கள்.

* நல்ல மெயில் அங்கே கிடந்தால் 'ஸ்பாம் இல்லை' என்ற பட்டனை அழுத்துங்கள். வாட்ச்மேனுக்கு நீங்கள் சொல்லித்தருகிற பாடம் அது. முக்கியமானவர்களை கான்டாக்ட் லிஸ்ட்டில் சேர்த்து வையுங்கள்.

* அங்கே கிடப்பது பேங்க் பெயரில் வந்திருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். பல சமயம் வாட்ச்மேன் சரியாகத்தான் பிடித்திருப்பார். உள்ளே இருக்கும் லிங்க்கைத் தொடாமல் பேங்க்குக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

* பிடிக்காத விளம்பரத்தை நீங்களே கேட்டு வாங்கியிருந்தால், ஸ்பாம் என்று புகார் செய்யாமல் 'வேண்டாம்' என்று விலகிக்கொள்ளுங்கள். உங்கள் புகார் ஒரு சின்ன வியாபாரியின் பெயரைக் கெடுக்கும்.

* முக்கியமான மெயில் அனுப்பினால் தலைப்பைத் தெளிவாக எழுதுங்கள். எல்லாம் கேபிடல் எழுத்தில் கத்தாதீர்கள்.

* அனுப்பிவிட்டு, ஒரு போன் போட்டு "வந்துதா?" என்று கேட்டுவிடுங்கள். உங்கள் நம்பரைப் பார்த்துவிட்டு 'ஸ்பாம்' என்று அவர் கட் பண்ணினால்... வேறு வழியில்லை ஸார், ஒரு இன்லாண்ட் லெட்டர் வாங்கி எழுதிப் போடுங்கள்!