அடைக்கலச் சட்டமும் அதன் திருத்தமும்

நாடிழந்து வருவோர்க்கு அடைக்கலம் அளித்தல் உயர்ந்த அறம் என்பதை எல்லாச் சமுதாயங்களும் ஏற்கின்றன. ஆயின், அவ்வறம் அரசின் சட்டமாக உருப்பெறும்போது, எத்தனை பேர், எவர், எந்நாள் வரை வந்தோர் என்னும் வரையறைகள் அதனுள் புகுகின்றன. அவ்வரையறைகளே பலருடைய வாழ்வை முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் 1948ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தோர் சட்டத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஒதுக்கீட்டு முறை

அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாடுதோறும் ஆண்டு ஒதுக்கீட்டை விதித்தது. 1929 முதல் மொத்த ஒதுக்கீடு ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்தது. அதில் பெரும்பங்கு பிரிட்டனுக்குக் கிட்டியது. லாட்வியாவுக்குக் கிடைத்ததோ 236 இடங்களே. இம்முறை நடப்பிலிருந்த காலத்தில்தான் இரண்டாம் உலகப்போர் மூண்டு முடிந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய நாடுகளின் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் ஊர் திரும்ப இயலாது தங்கியிருந்தனர்.

முன்மொழிவும் சட்டமும்

1947ஆம் ஆண்டில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் வில்லியம் ஸ்டிராட்டன் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். நான்கு ஆண்டுகளில் 4,00,000 பேரை, ஒதுக்கீட்டிற்குப் புறம்பாக, ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால், 1948இல் நிறைவேறிய சட்டமோ வேறு வடிவம் கொண்டிருந்தது. எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1945 டிசம்பர் 22ஆம் நாளுக்குள் குறிப்பிட்ட பகுதிகளை அடைந்தோர்க்கே தகுதி என விதிக்கப்பட்டது. நூற்றுக்கு முப்பது இடங்கள் உழவுத் தொழிலாளர்க்கு உரியவை ஆயின.

இந்நாள் வரையறையின் விளைவை நாம் உற்று நோக்குதல் வேண்டும். 1946 ஜூலையில் போலந்தின் கியெல்ச்சே நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டனர். அதன்பின் அஞ்சி ஓடிவந்தோர் பலர். துன்பம் ஒன்றாயினும், காலம் தாழ்ந்து வந்தமையால் அவர்கள் சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். குடியரசுத் தலைவர் ட்ரூமன் இக்குறையை வெளிப்படையாகக் கண்டித்து, மிகுந்த தயக்கத்துடனேயே கையொப்பமிட்டார்.

எதிர்காலத்தின் மீது கடன்

மற்றொரு விதியும் எண்ணத்தக்கது. அனுமதிக்கப்படும் ஒவ்வோர் அகதியும் அவர் பிறந்த நாட்டின் வருங்கால ஒதுக்கீட்டில் கழிக்கப்பட்டார். ஆண்டுதோறும் பாதி இடங்கள் வரை இவ்வாறு கழிக்கலாம். இதனால் லாட்வியாவின் ஒதுக்கீட்டில் பாதி கி.பி. 2274 வரை முன்கூட்டியே செலவாயிற்று! இன்று அடைக்கலம் பெறுவோர்க்கான விலையை இன்னும் பிறவாதோர் செலுத்துமாறு அமைந்தது இவ்விதி.

திருத்தம் தந்த பயன்

1950 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டது. நாள் வரையறை 1949 ஜனவரி முதல் நாளுக்கு நகர்ந்தது; உழவர்க்கான தனிப்பங்கு நீங்கியது; எண்ணிக்கையும் நான்கு இலட்சத்தைக் கடந்தது. 1952க்குள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அமெரிக்கா சென்றடைந்தனர். ஒதுக்கீட்டின் மீதான கடன் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. நாட்டுவழி ஒதுக்கீட்டு முறையையே ஒழிக்க 1965ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது.

எனவே, அடைக்கலம் பற்றிய எந்த முன்மொழிவைக் காணினும், அது அறிவிக்கும் எண்ணிக்கையோடு நாம் நின்றுவிடலாகாது. எந்நாள் எல்லையாக வைக்கப்பட்டுள்ளது, எவர் விலக்கப்படுகின்றனர், எவர் கணக்கில் அது எழுதப்படுகிறது எனவும் வினவுதல் வேண்டும். 1946இல் உயிர் தப்பி வந்தோர்க்கு முகாமில் மேலும் ஈராண்டுகள் காத்திருக்க நேர்ந்தது ஒரு தேதியால். அவர்களுக்கு வழி திறந்ததும் அத்தேதியின் திருத்தமே.